பச்சையைக் காணாத கண்

நெய்வேலி, நிலம் இடம்பெயரும் ஊர். ஊர்விட்டு ஊர் மனிதர் பெயர்வதை உலகெங்கும் காண்கிறோம். மண்ணே பெயர்வதை இங்கே காண்கிறோம். ஆழத்தில் கிடந்த மணல் மேலேறிக் குன்றாகிறது. மேலே விளைந்த வயல் கீழிறங்கிப் பள்ளமாகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரும்பொருளும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962-இல் அந்தக் கரி மின்சாரமாயிற்று. வட்டம் வட்டமாக வகுத்த நகரியம் எழுந்தது; நேர்கோட்டுச் சாலைகளும் நிழல்தரு மரங்களும் வந்தன.

இவற்றுக்கெல்லாம் படம் உண்டு. சக்கரத்தில் வாளிகள் பூட்டி மண்ணை அள்ளும் மாபெரும் எந்திரத்துக்குப் படம் உண்டு. தொடங்கி வைத்த தலைவர்களுக்குப் படம் உண்டு. புகைபோக்கிகளுக்குப் படம் உண்டு. ஆனால் எந்திரம் வருமுன் அந்த மண் எப்படி இருந்தது? முந்திரித் தோப்பும் பனை வரிசையும், சிற்றூரின் குளக்கரையும், கதிர் சாய்ந்த கொல்லையும் எப்படி இருந்தன? அவற்றை வண்ணத்தில் தீட்டிய ஓவியமோ, அவ்வோவியத்தின் அச்சுப்படியோ எத்தனை இல்லங்களில் தொங்குகிறது?

சுவரில் படமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆண்டுதோறும் மாறும் நாட்காட்டி இருக்கிறது. நாட்காட்டியின் நடுவே ஒரு கடவுள். கடவுளின் பின்னே பாருங்கள்: ஒரு மலை, ஓர் அருவி, தாமரைக் குளம், பச்சைப் புல்வெளி. அந்த மலை எந்த மாவட்டத்து மலை? அந்தக் குளம் எந்த ஊர்க் குளம்? எவருக்கும் தெரியாது, எவரும் கேட்டதில்லை. முன்னே நிற்பவருக்குப் பெயர் உண்டு, பின்னே கிடப்பதற்குப் பெயர் இல்லை. நிலம் எப்படிக் கடவுளின் முதுகுக்குப் பின்னே போயிற்று? ஓவியத்தை ஒளியால் படியெடுக்கும் கலை உலகில் வளர்ந்த வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

திரை தீட்டியவர் தந்த கலை

நிழற்படக் கலை நிலக்காட்சியின் மடியிலேயே பிறந்தது. பாரிசில் டாகர் என்னும் ஓவியர் இருந்தார். நாடக அரங்குகளுக்குத் திரை தீட்டுவது அவர் தொழில். 1822-இல் 'டயோரமா' என்ற காட்சிக்கூடத்தை அவர் அமைத்தார். மலையும் பள்ளத்தாக்கும் தீட்டிய பெருந்திரைகளின் மேல் ஒளியைக் கூட்டியும் குறைத்தும், காலை மாலையாவதைப்போல் காட்டினார். மக்கள் காசு கொடுத்துப் போய் மலையைப் பார்த்தனர். அந்தத் திரை ஓவியர்தான் 1839-இல், வெள்ளி பூசிய தகட்டின்மேல் ஒளியே வரையும் முறையை உலகுக்கு அறிவித்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் மற்றொரு வழி கண்டார். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அமர்ந்து அக்காட்சியை வரைய முயன்றார். ஓவியனின் கைக்கு உதவும் கண்ணாடிக் கருவி ஒன்றும் உடன் இருந்தது. எனினும் படம் வரவில்லை, கை ஒத்துழைக்கவில்லை. இந்தக் காட்சி தானே தாளில் பதிந்துவிட்டால் எவ்வளவு நன்று என்று எண்ணினார். எண்ணம் ஆராய்ச்சியாயிற்று. ஆராய்ச்சி, ஒரே மூலத்திலிருந்து பல படிகள் எடுக்கும் நெகட்டிவ் முறையைத் தந்தது. ஏரியை வரையத் தெரியாத ஒருவரின் தோல்வி, உலகுக்கு ஒரு கலையைக் கொடுத்தது! எந்த முனிவரின் வரமும் இங்கே இல்லை. எந்தத் தேவதையின் அருளும் இல்லை. ஏன் முடியவில்லை என்ற கேள்வியும், முடிய வைப்பேன் என்ற முயற்சியுமே இருந்தன.

1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக டால்பட் வெளியிட்ட நூலில், கட்டடமும் மரமும் மட்டுமல்லாமல், ஒரு கல்லச்சுப் படத்தையும் ஒரு பழைய ஓவியனின் வரைபடத்தையும் படியெடுத்துக் காட்டினார். ஒருவரின் மாளிகையில் பூட்டிக் கிடக்கும் படத்தை, ஊர்பேர் அறியாத ஒருவரும் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்ற செய்தி அதில் அடங்கியிருந்தது. அதுவரை ஓவியம் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் சொந்தம். பார்க்க வேண்டுமாயின் வாயிற்காவலன் வழிவிட வேண்டும், அல்லது பூசாரி கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவை ஒளி திறந்தது.

பச்சை கறுத்தது

திறந்த கதவின் வழியே எல்லாம் வந்துவிட்டதா? இல்லை. முதலில் தடைபட்டது நிலக்காட்சிதான்.

அக்காலத் தகட்டின் மேல் பூசிய வெள்ளி உப்பு, நம் கண்ணைப்போல் எல்லா நிறத்தையும் காண்பதன்று. நீலத்தையும் ஊதாவையும் அது விரைந்து காணும். பச்சையையும் மஞ்சளையும் சிவப்பையும் ஏறத்தாழக் காணாது. ஆகவே நீலவானம் தகட்டில் வெற்று வெள்ளையாயிற்று. வானும் முகிலும் ஒன்றாயின. பச்சைப் பயிரும் மரமும் கருமையாயின. மாலைச் செங்கதிர் இருளாயிற்று. நாம் உயர்த்திப் பிடிக்கும் கருப்பு சிவப்புக் கொடியை அத்தகட்டின்முன் நிறுத்தியிருந்தால், மேலும் கீழும் கருப்பே தெரிந்திருக்கும்.

உருவம் தீட்டிய ஓவியத்தில் இக்குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்; கண்ணும் மூக்கும் கோட்டிலேயே தெரிந்துவிடும். நிலக்காட்சியில் நிறமே உயிர். தூரத்து மலையின் நீலத்துக்கும் பக்கத்து வயலின் பச்சைக்கும் உள்ள வேறுபாடுதான் தொலைவைக் காட்டுவது. அந்த வேறுபாடு தலைகீழானால் ஓவியமே தலைகீழாகும். எனவே தொடக்கக் காலத்தில் வண்ண ஓவியத்தை நேரே படமெடுப்பதை விடுத்து, அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படத்தையோ, கருப்பு வெள்ளையில் வரைந்த நகலையோ பலர் படமெடுத்தனர். நகலின் நகலே மக்கள் கைக்கு வந்தது.

நிலக்காட்சி ஓவியங்களில் எவை நன்றாகப் படியெடுக்கப்பட்டன என்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஆங்கில நாட்டின் நிலக்காட்சி ஓவியர் டர்னர் தீட்டிய 30 படங்களின் ஒளிப்படத் தொகுப்பு 1861-இல் இலண்டனில் வெளியாயிற்று. அவை அவருடைய ஒளிபொங்கும் எண்ணெய் வண்ண ஓவியங்கள் அல்ல; செதுக்கி அச்சிடுவதற்கென்று பழுப்பு மையில் தீட்டிய படங்கள். பழுப்பின் ஏற்ற இறக்கம் மட்டுமே இருந்ததால் தகடு தடுமாறவில்லை. நிறமற்ற நிலத்தைத் தகடு ஏற்றது. நிறமுள்ள நிலத்தை மறுத்தது.

நம் மண்ணுக்கு வந்த கண்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792-ஆம் ஆண்டில், தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே பயணம் போயினர். திப்புவிடமிருந்து கும்பெனி பறித்த மலைக்கோட்டைகளைக் காணும் ஆவல் அப்போது இங்கிலாந்தில் இருந்தது. பல்லக்குத் தூக்கிகளின் தோளிலேறி இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, குற்றாலம், தஞ்சை என்று சுற்றினர். இருட்டுப் பெட்டி ஒன்றையும் கொண்டு சென்றனர். துளையில் பொருத்திய வில்லை வழியே வெளிக்காட்சி தாளில் விழும். அதன்மேல் கோடு இழுப்பர். நிழற்படக் கருவியின் பாட்டன் அது.

ஊர் திரும்பி, செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் பூசி, 1795-க்கும் 1808-க்கும் இடையே 144 காட்சிகளை வெளியிட்டனர். அழகிய படங்கள், ஐயமில்லை. ஆனால் அவற்றை வாங்கியவர் யார்? மாளிகையும் நூலகமும் உடைய செல்வர். அவற்றில் உள்ள நம் மக்கள் யார்? கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்ட அடியில் நிறுத்திய அளவுகோல்கள். மரத்தடியில் அமர்ந்திருப்பவர் அவர். அவருக்குப் பெயர் இல்லை, தொழில் இல்லை. பல்லக்குச் சுமந்த தோளுக்கும் படத்தில் பங்கில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் தூரிகையின் இடத்துக்குக் கருவி வந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1856-இல் சென்னை நிழற்படக் கழகம் அமைந்தது. அதே ஆண்டு சென்னை அரசு, படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப் என்பவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், டேனியல்கள் நின்ற இராயக்கோட்டையிலும் திருச்சியிலும் தஞ்சையிலும் மதுரையிலும் தம் கருவியை நிறுத்தினார். மாட்டு வண்டியில் இரசாயனமும் தாளும் ஏற்றிக்கொண்டு, கடும் வெயிலில் அவர் செய்த உழைப்பு அரியது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 துண்டுப் படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். தமிழ் எழுத்தை ஒளியால் படித்த முதல் முயற்சிகளுள் ஒன்று அது. கோயிலில் நம் கண்ணுக்குரியது கருவறைச் சிலை அல்ல, கல்லில் வெட்டிய கணக்கும் ஆவணமும்தான் என்று நாம் சொல்கிறோம். அந்தக் கருவியும் அங்கே எழுத்தையே தேடிப் போயிற்று.

ஆனால் டிரைப்பின் தகடும் தாளும் அதே குருட்டுக் கண் உடையவையே. வானம் வெள்ளையாகவே விழுந்தது. என் செய்தார்? நெகட்டிவின் மேல் தூரிகை கொண்டு முகில்களைத் தீட்டினார். கறுத்துப்போன இலைதழைகளைத் திருத்தினார். நாம் இன்று நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய தமிழ்நாட்டு வானம் என்று வியந்து பார்க்கும் முகில், அன்று வானில் இருந்த முகில் அன்று. டிரைப்பின் கை வரைந்த முகில். ஓவியத்தைப் படியெடுக்க முடியாத கருவி, இயற்கையைப் படியெடுக்கவும் ஓவியத்தின் துணையை நாடிற்று. படம் என்றாலே உண்மை என்று நம்புவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கடவுள் படமாயினும் காமிராப் படமாயினும், எவர் எடுத்தார், எப்படி எடுத்தார் என்று கேட்பதே பகுத்தறிவு.

மற்றொன்றும் உண்டு. அன்று ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். அசையாத கல் பதியும். அசைகின்ற மனிதன் மறைவான். ஏர் உழுபவன் மறைந்தான், நீர் இறைப்பவள் மறைந்தாள். மண்டபம் நின்றது, அதைக் கட்டிய இனத்தின் மக்கள் பதியவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த டிரவெலியன் இது வீண் செலவு என்று கருதினார். டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது.

கரி கொடுத்த கண்

தகட்டின் குருடு எவ்வாறு நீங்கிற்று? தோழர்களே, நெய்வேலியில் வாழ்வோர் இதைத் தனிப்பெருமையோடு படிக்கலாம். அதை நீக்கியது கரி!

நிலக்கரியை மூடிய கலத்தில் சுட்டால் தார் கிடைக்கும். நாற்றமடிக்கும் கழிவு என்று எறியப்பட்ட அத்தாரிலிருந்து, 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் ஊதாச் சாயத்தைக் கண்டார். தொடர்ந்து பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகத் தார்ச் சாயங்கள் பெருகின. 1873-இல் பெர்லினில் வோகல் என்ற வேதியியல் பேராசிரியர், தகட்டின் பூச்சில் சாயத்தைக் கலந்தால் அச்சாயம் உறிஞ்சும் ஒளியையும் தகடு காணத் தொடங்குகிறது என்று கண்டறிந்தார். ஒரு சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. மற்றொன்று சேர்த்தால் சிவப்பை நோக்கியும் பார்வை நீண்டது. 1880-களில் அத்தகைய தகடுகள் கடைக்கு வந்தன. 1906-இல் எல்லா நிறத்தையும் காணும் தகடு இலண்டனில் விற்பனைக்கு வந்தது. அங்கே உதவியது நம் பழுப்பு நிலக்கரி அன்று, அதன் மூத்த உடன்பிறப்பு. எனினும் குடும்பம் ஒன்றே. பூமிக்கடியில் கிடந்த இருட்டுப்பொருள், ஒளிக்கலைக்குக் கண் கொடுத்தது. நேர்த்திக்கடனும் நெய்விளக்கும் கொடுக்காத கண்ணை அறிவு கொடுத்தது.

தகடு கண்டதை மையால் அச்சிட வழி வேண்டுமே! அதுவும் வந்தது. குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடித் திரையின் வழியே படத்தை எடுத்து, சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக்கி, உலோக பிளாக்கில் அரிக்கும் முறை 1880-களில் உருவாயிற்று. பெரிய புள்ளி கருமை. சிறிய புள்ளி வெளிச்சம். செய்தித்தாளின் படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் இப்புள்ளிகள் தெரியும். வண்ண ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே மூன்று முறை எடுத்து, மூன்று பிளாக்குகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் வண்ணப்படம் பிறக்கும். நிறம் காணும் தகடு இல்லையேல் இந்த மூன்று நிற அச்சும் இல்லை.

இக்கலையில் வெள்ளையரே வியக்க உழைத்தவர் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார்: உபேந்திரகிஷோர் ராய், பின்னாளில் திரைப்பட மேதையாக விளங்கிய சத்யஜித் ராயின் பாட்டனார். 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்தார். ஆசிரியர் எவருமின்றித் தாமே கணக்கிட்டு, திரையும் துளையும் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று ஆராய்ந்து, இலண்டன் அச்சுத்தொழில் ஆண்டிதழில் கட்டுரைகள் எழுதினார். 1901-இல் தொடங்கிய 'பிரபாசி', 1907-இல் தொடங்கிய 'மாடர்ன் ரெவ்யூ' ஆகிய இதழ்களின் வழியே இந்திய ஓவியங்களின் வண்ணப்படிகள் படிப்போர் இல்லங்களுக்குச் சென்றன. அடிமை நாட்டவனுக்கு அறிவியல் வராது என்ற ஆணவத்துக்கு அது தக்க விடை.

நிலம் திரையாயிற்று

கண் கிடைத்தது, கை கிடைத்தது, அச்சும் கிடைத்தது. இனி நிலம் தன் நிறத்தோடு மக்கள் இல்லத்துக்கு வரத் தடை என்ன? அறிவியல் தடை ஏதும் இல்லை. ஆனால் வந்தது நிலமா?

1894-இல் இரவிவர்மா மும்பையில் வண்ணக் கல்லச்சகம் தொடங்கினார். அதிலிருந்து இலக்குமியும் சரசுவதியும் பல்லாயிரம் படிகளாகப் புறப்பட்டு நாடெங்கும் குடியேறினர். இரவிவர்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் இராசராச வர்மா, வாழ்ந்தது 1860 முதல் 1905 வரை. அவர் நிலக்காட்சி ஓவியர். நீர்நிலையும் தென்னஞ்சோலையும் மாலையொளியும் தீட்டுவதில் வல்லவர். அண்ணனின் ஓவியங்களுக்கு உறுதுணையாக நின்றவர். அவற்றின் பின்னணிகளில் அவர் கைவண்ணம் உண்டு. அண்ணனின் தேவியரை நாடறியும். தம்பியின் நிலத்தை எத்தனை பேர் அறிவர்? தனித்து நின்றபோது அந்த நிலம் கண்காட்சி அறையோடு நின்றது. தேவியின் பின்னே திரையாய்த் தொங்கியபோதுதான் அது வீடுதோறும் போயிற்று!

தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கினார். டாகரைப் போலவே அவரும் நாடகத்துக்குத் திரை தீட்டியவர். அவருடைய தூரிகைக்கும் அவர் மாணவர் தூரிகைக்கும் அருகிலிருந்த சிவகாசியின் அச்சு எந்திரங்கள் காத்திருந்தன. அவர் தீட்டிய கடவுளர் நாட்காட்டிகளாய் நாடெங்கும் பரவினர். கைத்திறனைக் குறை சொல்லோம். உழைத்து உண்டவர் அவர். ஆனால் டாகரின் திரையில் மலையே கதைத்தலைவன். நம் நாட்காட்டியில் மலை வெறும் எடுபிடி. ஸ்டூடியோக்களிலும் பாருங்கள்! ஏரியும் படகும் தீட்டிய திரையின் முன்னே மணமக்கள் நின்றனர். வாசலுக்கு வெளியே இருந்த உண்மை ஏரி எவர் படத்திலும் விழவில்லை.

ஒரு மறுப்பு எழலாம். கோயிலுக்குள் நுழையவிடாமல் துரத்தப்பட்டவனுக்கு, சில காசுக்குக் கடவுள் படம் கிடைத்தது சமத்துவம் அல்லவா? ஆம், அதில் ஒரு சிறு உண்மை உண்டு. அர்ச்சகரின் தனியுரிமையை அச்சு சற்றே தளர்த்தியது. ஆனால் கதவுக்கு வெளியே இருந்த விலங்கு வீட்டுக்குள் ஆணியில் மாட்டப்பட்டது என்பதும் உண்மை. உழுதவனுக்கு அவன் உழுத நிலத்தின் படம் கிடைக்கவில்லை. அந்த விளைச்சலை எவர் அருளினார் என்று பொய் சொல்லும் படமே கிடைத்தது.

இது தமிழன் மரபா? தொல்காப்பியரைக் கேளுங்கள். பொருளை மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் தோன்றுவன கருப்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்ற அந்தப் பட்டியலில்தான் தெய்வமும் இடம்பெறுகிறது. சோற்றோடும் மாட்டோடும் மரத்தோடும் ஒரே வரிசையில்! நிலம் முதல், தெய்வம் நிலத்தில் விளைந்த ஒன்று. இது நம் இலக்கணம். தெய்வம் முதல், நிலம் அதன் பின்திரை. இது நாட்காட்டியின் இலக்கணம். இரண்டில் எது முன்னோர் வழி?

ஓவியத்திலும் நமக்குச் சான்று உண்டு. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திரிகின்றன. பூப்பறிக்கும் மனிதர் அதில் நிற்கின்றனர். 9-ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியன் அக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சமய நோக்கோடு எழுந்ததே எனினும், அங்கே குளம் எவருக்கும் பின்திரை அன்று, குளமே ஓவியம். 1920-இல் ழுவோ துப்ரேல் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிய பின்னரே அதன் பெருமை பரவியது. இடைக்காலத்தில் ஓவியத்தின் பெரும்பகுதி சிதைந்தது. வண்ணம் உதிரும் சுவருக்கு மருந்து ஒருபுறம். உதிருமுன் எடுத்த நல்ல படி மறுபுறம். படி இருந்தால் நினைவு இருக்கும். இல்லையேல் சுவரோடு ஓவியமும் போகும். மண்ணோடு ஊரும் போகும்.

படி இருந்ததால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று: டேனியல்களின் 144 காட்சிகளையும் மில்ட்ரெட் ஆர்ச்சர் 1980-இல் ஒரே நூலில் தொகுத்து வெளியிட்டார். செல்வரின் பேழையில் கிடந்த இராயக்கோட்டையும் குற்றாலமும் நூலகம் செல்லும் மாணவன் மேசைக்கு வந்தன. கும்பெனிக்காரர் கண்கொண்டு தீட்டியவையே ஆயினும், நம் கண்கொண்டு இன்று நாம் அவற்றைப் படிக்கலாம். அன்று நின்ற மரம் எது, ஓடிய ஆறு எது, இன்று இல்லாதது எது என்று கேட்கலாம்.

இயக்கம் தீட்டிய நிலம்

நம் இயக்கமும் ஒரு நிலக்காட்சியைத் தமிழ்நாட்டுக்குத் தந்தது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? இரண்டு மலைகள், நடுவே எழும் கதிரவன். 1958-இல் தேர்தல் ஆணையம் தி.மு.கழகத்துக்கு ஒதுக்கிய உதயசூரியன், சின்னம் மட்டுமன்று. அது ஓர் எளிய நிலக்காட்சி. மலையின் முன்னே எந்தக் கடவுளும் நிற்கவில்லை. அரண்மனை ஓவியன் தேவைப்படவில்லை. நிறம் காணும் தகடும் தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தோழனும் சுண்ணாம்பையும் காவிக்கல்லையும் கொண்டு சுவரில் தீட்டினான். தெற்கு தேய்கிறது என்ற முழக்கம் எழுந்த அந்த நாட்களில்தான் நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கினர். மலையும் கதிரவனும் தம்மளவிலேயே மக்களின் நெஞ்சைத் தொடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனிச் செய்ய வேண்டுவது

நெய்வேலிக்குத் திரும்புவோம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் பத்தாம்பசலிகள் அல்லோம் நாம். தொழில் வேண்டும் என்று போராடிப் பெற்ற நாடு இது. சுரங்கத்தில் வியர்வை சிந்தியவர் நம் உடன்பிறப்புகள். அவர்கள் எரித்த கரியில் தமிழ்நாட்டின் விளக்கு எரிந்தது. ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்ற கணக்கு வேண்டும். கொடுத்த நிலத்தின் உருவம் அந்தக் கணக்கின் முதல் வரி. உருவம் இல்லாத ஊரைப் பற்றி, அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மேட்டுநிலம் என்று எளிதில் சொல்லிவிடலாம். மறுக்க என்ன இருக்கிறது கையில்?

2023 சூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விளைந்து வரும் பயிரை அழிக்கலாமா என்று கேட்டனர் உழவர். அந்த வழக்கின் சரி தவறுகளை இங்கே எழுதப் புகவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். பயிரின் பச்சையும், அதன்மேல் ஏறிய எந்திரமும் சாதாரண மக்களின் கைப்பேசிகளில் பதிந்தன, நாடெங்கும் பார்த்தனர், நாடெங்கும் பேசினர். 1858-இல் டிரைப்பின் தாளில் கருப்பாய் விழுந்த பச்சை, 2023-இல் பச்சையாகவே விழுந்தது. அன்று அசைந்ததால் மறைந்த உழவன், இன்று கைகூப்பி நின்றதும் கதறியதும் பதிந்தது. நிலத்தின் படம் வெறும் அலங்காரம் என்போர்க்கு இதுவே மறுமொழி. அது சான்று.

எனவே நெய்வேலி இளைஞர்களுக்கும், சுற்றியுள்ள சிற்றூர்த் தோழர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: மூத்தோர் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய ஸ்டூடியோக்களின் பரண்களிலும் கிடக்கும் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடுங்கள். திருமணப் படமாயினும் பின்னே தெரியும் களத்துமேட்டையும் கிணற்றையும் பாருங்கள். படியெடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எவர் வயல் என்று கேட்டு எழுதுங்கள். ஆண்டும் ஊரும் எழுதாத படம் பாதிப் படம்.

இரண்டு: வண்ணம் பிடிக்கத் தெரிந்தவர்கள், இன்னும் எஞ்சியிருக்கும் முந்திரிக் காட்டையும் ஏரியையும் கரம்பையும் தீட்டுங்கள். சுரங்கத்தையும் தீட்டுங்கள், மணற்குன்றும் நம் நிலமே. அங்கே வேலை செய்யும் மனிதரை அளவுகோலாக நிறுத்தாதீர், பெயரோடு நிறுத்துங்கள்.

மூன்று: அப்படித் தீட்டியதைப் பூட்டி வைக்காமல் அச்சிட்டுப் பரப்புங்கள். மன்றங்களும் படிப்பகங்களும் வெளியிடும் நாட்காட்டிகளில் ஊரின் நிலம் இடம்பெறட்டும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு ஊர்கள்; படத்தின் கீழே ஊர்ப்பெயர். சிவகாசியின் எந்திரத்துக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. நாம் கொடுப்பதை அது அச்சிடும். இதுவரை நாம் கொடுக்கவில்லை என்பதே குறை.

1839-இல் பிறந்த தகடு பச்சையைக் காண 34 ஆண்டுகள் ஆயின. சாயம் கலந்து அதன் குருட்டை நீக்கியவர் வோகல். நம் கண்ணில் கலக்க வேண்டிய சாயம் அறிவு ஒன்றே. அதற்குத் தவணை கேட்காதீர், தோழர்களே! எந்திரம் அடுத்த வயலின் வரப்பில் நிற்கிறது.